லயத்து ரொட்டியும் ஒவ்வாத குடலும்

இலங்கையில் கோதுமை பயிராவதில்லை. நுவரெலியாவின் குளிரில் உருளைக்கிழங்கு விளைகிறது, கரட்டும் லீக்ஸும் கோவாவும் விளைகின்றன. கோதுமை முழுவதும் கப்பலில்தான் வருகிறது. ஆனால் ஹட்டன், மஸ்கெலியா, பொகவந்தலாவை, தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் விடியுமுன் அடுப்பில் ஏறுவது கோதுமை மா ரொட்டி. மலைக்குப் போகும்போது துணியில் சுற்றி எடுத்துப் போவதும் அதுவே. பல வீடுகளில் இரவிலும் அதுவே. நகரத்தையும் கிராமத்தையும் விடத் தோட்டக் குடும்பங்களே அதிகமாகக் கோதுமை மா உண்கின்றன என்பதை அரசின் குடும்ப வருமான, செலவின ஆய்வுகள் காட்டி வந்திருக்கின்றன.

அந்த மாவில் உள்ள குளூட்டன் என்ற புரதம் சிலருடைய குடலுக்கு ஒவ்வாது. அந்தச் சிலரில் எத்தனை பேர் தோட்டத்து வரிசை வீடுகளான நம் லயங்களில் இருக்கக்கூடும், அவர்களை எப்படி அடையாளம் காண்பது, ரொட்டியை நம்பி வாழும் வீட்டில் ரொட்டியில்லாமல் ஒருவர் எப்படி வாழ்வது? குளூட்டன் என்றால் கொழும்புக் கடைகளில் விலையுயர்ந்த பொதிகளைத் தேடுவோரின் கவலை என்று தள்ளிவிடுவது எளிது. நாட்டிலேயே அதிகமாக மா தின்னும் மக்களுக்கு அது எப்படி அயலார் கவலையாக இருக்க முடியும்?

மா மலைக்கு வந்த கதையை முதலில் பார்க்க வேண்டும். திருச்சி, சேலம், மதுரை, தஞ்சாவூர், புதுக்கோட்டைச் சீமைகளிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கும், 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலையைத் தொடங்கிய பிறகு தேயிலைத் தோட்டங்களுக்கும் வந்தவர்கள் கோதுமை தின்றவர்கள் அல்லர். கிடைத்தபோது அரிசியும், மற்ற நாட்களில் கேழ்வரகும் கம்பும் சோளமும் வரகும் தின்றவர்கள். தோட்டத்தில் அவர்களுக்கு அளக்கப்பட்டது அரிசி. அதன் விலை சம்பளத்தில் பிடிக்கப்பட்டது. அந்த அரிசியில் பெரும்பங்கு பர்மாவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் வந்தது. 1942இல் பர்மா ஜப்பானியர் கையில் விழுந்ததும் அரிசி நின்றது. பங்கீடு வந்தது, பங்கீட்டோடு கோதுமை மா வந்தது. போர் முடிந்தும் மா திரும்பிப் போகவில்லை. அமெரிக்க உதவியாக வந்த மா ‘அமெரிக்கன் மா’ என்ற பெயரையே நாட்டில் விட்டுச் சென்றது. 1973, 1974இல் அரிசிப் பங்கீடு குறைந்து, மாவும் தட்டுப்பாடானபோது தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நேர்ந்தன. எழுபதைத் தாண்டிய யாரிடம் கேட்டாலும் அந்தக் காலத்தை இன்றும் சொல்வார்கள். 1980இல் திருகோணமலை சீனன்குடாவில் பிரிமா கோதுமை மா ஆலை இயங்கத் தொடங்கியது. கோதுமை மணியாக வந்து, இங்கேயே மாவாகி, மலை உச்சித் தோட்டக் கடை வரை போய்ச் சேர்ந்தது.

ரொட்டி நிலைத்ததற்குச் சுவை காரணமில்லை. பெரட்டுக்களத்தில் வேலைக்குப் பெயர் கொடுக்க ஓட வேண்டிய பெண்ணுக்குச் சோறும் இரண்டு கறியும் ஆக்க நேரமில்லை, விறகுமில்லை. மாவைப் பிசைந்து தட்டிக் கல்லில் போட்டால் முடிந்தது. மலை ஏறிக் கொழுந்து பறிப்பவருக்கு ரொட்டிதான் வயிற்றில் தாங்கும் என்ற நம்பிக்கையும் உண்டு. ஆகவே ஒருவருக்கு ரொட்டி ஆகாது என்று வைத்தியர் சொன்னால், அந்த வீட்டின் காலை நேரமே மாறியாக வேண்டும்.

கோதுமை மாவில் தண்ணீர் சேர்த்துப் பிசையும்போது இழுபடும் பிசுக்கைத் தருவது குளூட்டன். கோதுமையிலும் பார்லியிலும் றை என்ற தானியத்திலும் இவ்வகைப் புரதம் இருக்கிறது. அரிசியில் இல்லை, குரக்கன் என்னும் கேழ்வரகில் இல்லை, சோளத்தில் இல்லை. நம் குடலின் செரிமானச் சாறுகள் இந்தப் புரதத்தை முழுவதுமாக உடைப்பதில்லை. சில நீண்ட துண்டுகள் உடையாமல் எஞ்சும். பெரும்பாலோருக்கு அதனால் கேடு எதுவுமில்லை. எச்.எல்.ஏ. டி.கியூ.2 அல்லது டி.கியூ.8 என்ற பரம்பரையலகு உள்ளவர்களில் ஒரு சிறு பங்கினருக்கு மட்டும், உடலின் நிர்ப்பீடனத் தொகுதி அந்தத் துண்டுகளைப் பகையாகக் கருதிப் போர் தொடங்குகிறது. போரில் அழிவது தன் சொந்தக் குடல். சிறுகுடலின் உட்சுவரில் சத்தை உறிஞ்சும் சடைமுளைகள் தேய்ந்து தட்டையாகின்றன. இதுதான் சீலியாக் நோய். ஒரு முறை தொடங்கினால் வாழ்நாள் முழுதும் இருக்கும். மருந்து கிடையாது, குளூட்டனை முற்றாக விடுவதே சிகிச்சை. விட்டால் குடல் மெல்ல மெல்லத் தேறும்.

கோதுமை ஒவ்வாமை வேறு. அது உண்ட சிறிது நேரத்தில் தடிப்பு, வீக்கம், மூச்சுத்திணறல் என்று வரும். மூன்றாவது ஒன்றும் உண்டு: சோதனையில் சீலியாக்கும் இல்லை, ஒவ்வாமையும் இல்லை, ஆனால் கோதுமை தின்றால் வயிறு உப்புகிறது, வலிக்கிறது, உடல் அசதியாகிறது. இந்த மூன்றாவதைப் பற்றி வைத்திய உலகில் இன்னும் வாதம் நடக்கிறது. 2018இல் நோர்வே ஆய்வாளர்கள், குளூட்டன் ஆகாது என்று தாமாகவே விட்டிருந்த 59 பேருக்கு, எது எதில் கலந்திருக்கிறது என்று சொல்லாமல், குளூட்டனையும் ஃப்ரக்டன் என்ற மாச்சத்தையும் வெவ்வேறு வாரங்களில் கொடுத்துப் பார்த்தார்கள். அதிகம் வருத்தியது ஃப்ரக்டன். அது கோதுமையில் இருக்கிறது. வெங்காயத்திலும் வெள்ளைப்பூண்டிலும் நிறைய இருக்கிறது. ரொட்டியும் வெங்காயச் சம்பலும் தின்று வயிறு ஊதுகிறது என்பவர் ரொட்டியை மட்டும் பழிக்கலாகாது. சம்பலிலும் அதே சத்துத்தான் இருக்கிறது.

சீலியாக் நோய்க்கும் கோதுமைக்கும் உள்ள உறவு வெளிப்பட்ட வரலாற்றை நம் மலையோடு சேர்த்துப் படிக்க வேண்டும். லண்டன் வைத்தியர் சாமுவேல் கீ 1888இலேயே இந்நோயைத் தெளிவாக விவரித்து, உணவே இதற்கு மருந்தாகும் என்றார். எந்த உணவு என்று அவருக்குப் பிடிபடவில்லை. ஒல்லாந்தக் குழந்தை வைத்தியர் வில்லெம் கரெல் டிக்கே 1930களில் கோதுமை மீது ஐயம் கொண்டார். 1944-45 பஞ்சக் குளிர்காலத்தில் நெதர்லாந்தில் பாண் கிடைப்பதே அரிதானது. மற்றவர்கள் மெலிந்தார்கள், இந்நோயுள்ள குழந்தைகளோ தேறினார்கள். பாண் திரும்ப வந்ததும் மறுபடி விழுந்தார்கள். 1950இல் அவருடைய ஆய்வேடு இதை நிறுவியது. ஒரே போர் நெதர்லாந்தில் கோதுமையைப் பறித்துச் சில குழந்தைகளைக் காட்டிக்கொடுத்தது. இலங்கையில் அரிசியைப் பறித்துக் கோதுமையைக் கொண்டுவந்தது. அங்கே கண்டதை இங்கே யாரும் கண்டிருக்க வழியில்லை. இங்கே குழந்தைகள் புதிதாகத் தின்னத் தொடங்கினார்கள், நிறுத்தவில்லை.

நீண்ட காலம் இது ஐரோப்பியரின் நோய் என்றே எண்ணப்பட்டது. வட இந்தியாவில் தேடத் தொடங்கியதும் நூற்றில் ஒருவர் என்ற அளவில் கிடைத்தது. 2016இல் வெளியான ஆய்வு நமக்கு மிக நெருக்கமானது. வேலூரில் பணியாற்றிய பி.எஸ். ராமகிருஷ்ணா, டெல்லி எய்ம்ஸின் கோவிந்த் மகாரியா முதலியோர் வட இந்தியா, வடகிழக்கு, வேலூர் வட்டாரம் ஆகிய மூன்று இடங்களில் 23,000க்கும் மேற்பட்ட வளர்ந்தவர்களின் இரத்தத்தைச் சோதித்தார்கள். சீலியாக்கைக் காட்டும் பிறபொருளெதிரி வடக்கில் 1.23 சதவீதம், வடகிழக்கில் 0.87 சதவீதம், வேலூர்ப் பக்கத்தில் 0.10 சதவீதம். அதாவது வடக்கில் காணப்பட்டதில் பன்னிரண்டில் ஒரு பங்குதான் தெற்கில். பரம்பரையலகில் வித்தியாசமா என்று பார்த்தால், டி.கியூ.2, டி.கியூ.8 மூன்று இடங்களிலும் ஏறக்குறைய ஒரே அளவில், மூன்றில் ஒருவருக்கு இருந்தது. மிகப் பெரிய வித்தியாசம் தட்டில் இருந்தது: நாளொன்றுக்கு வடக்கில் 455 கிராம் கோதுமை, வடகிழக்கில் 37 கிராம், தெற்கில் 25 கிராம்.

மலையகத்துக்கு இந்த எண்கள் சொல்வது என்ன? நம் முன்னோர் வந்த ஊர்களும் வேலூரைப் போலத் தமிழ்நாட்டு ஊர்களே. நோய்க்கு இடம் கொடுக்கும் பரம்பரையலகு அந்த மக்களுக்கும் உண்டு. அவர்களைக் காத்தது கோதுமை இல்லாத சாப்பாடாக இருந்தால், அந்தக் காப்பு, கடல் தாண்டி வந்த நமக்கு, 1942க்குப் பிறகு கைவிட்டுப் போயிருக்கிறது. தென்னாட்டு உடம்பும் வடநாட்டுத் தட்டும் சேர்ந்த மக்கள் நாம்.

இந்த வாதத்தில் ஓர் ஓட்டையும் உண்டு. அதை மறைக்கக் கூடாது. வடகிழக்கில் கோதுமை தின்பது தெற்கைவிடச் சற்றே அதிகம். பிறபொருளெதிரியோ எட்டு மடங்குக்கு மேல். அளவு மட்டும் எல்லாவற்றையும் விளக்கிவிடாது. குழந்தைப் பருவத் தொற்றுகள், குடலில் வாழும் நுண்ணுயிர்கள், பரம்பரையின் வேறு கூறுகள் என்று பலவும் இதில் சேரலாம். ஆகவே மலையகத்தில் இந்நோய் மலிந்து கிடக்கிறது என்று நான் எழுத மாட்டேன். தேடிப் பார்க்க வலுவான காரணம் இருக்கிறது என்று எழுதுவேன்.

தேடாவிட்டால் கண்ணில் படாது என்பதுதான் இங்குள்ள சிக்கல். பெருவயிறும் ஓயாத வயிற்றுப்போக்குமாக வரும் குழந்தை, பாடப்புத்தகம் காட்டும் சீலியாக். நடப்பில் அது பல வேடங்களில் வருகிறது: மாத்திரைக்கு அடங்காத குருதிச்சோகை, வயதுக்கேற்ற உயரம் வராமை, பருவமடைதல் தள்ளிப்போதல், வாய்ப்புண், எலும்புத் தேய்வு, கருச்சிதைவு, முழங்கையிலும் முழங்காலிலும் அரிக்கும் கொப்புளம். இரும்புச்சத்து உறிஞ்சப்படுவது சிறுகுடலின் தொடக்கப் பகுதியில். நோய் முதலில் தாக்குவதும் அந்த இடத்தையே.

தோட்டத்தில் இந்த வேடங்கள் எல்லாமே ஏற்கெனவே நடமாடுகின்றன. 2016ஆம் ஆண்டு குடித்தொகை, சுகாதார அளவீட்டில், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதோர் நாடு முழுவதும் 17 சதவீதம். தோட்டத்தில் 32 சதவீதம். இதற்கு வறுமை, கொழுக்கிப்புழு, கெட்ட குடிநீர், தட்டில் பருப்பும் மீனும் முட்டையும் இல்லாமை என்று காரணங்கள் வரிசையாக நிற்கின்றன. சாப்பாட்டோடு குடிக்கும் தேத்தண்ணியே இரும்பு உறிஞ்சப்படுவதைக் குறைக்கிறது. எனவே வெளிறிய முகத்தோடு டிஸ்பென்சரிக்கு வரும் பெண்ணுக்கு இரும்பு மாத்திரையும் புழு மருந்தும் கிடைக்கும். அதுதான் முறையும்கூட, பெரும்பாலோருக்கு அதில் குணமும் வரும். குணம் வராத சிலரை என்ன செய்கிறோம் என்பதுதான் என் கேள்வி. “மாத்திரையை ஒழுங்கா போடல்ல” என்ற ஏச்சோடு அவர்கள் திரும்புகிறார்கள். ஆறு மாதம் ஒழுங்காக மாத்திரை விழுங்கியும் இரத்தம் ஏறாத பெண்ணின் குடல் அதை ஏற்கவில்லை என்று யாராவது நினைத்துப் பார்க்க வேண்டும்.

வைத்தியர்கள் அவசரப்படாமல் இருக்கவும் நியாயம் உண்டு. தட்டையான சடைமுளைகளெல்லாம் சீலியாக் ஆகிவிடாது. 1960களில் வேலூரைச் சுற்றிய கிராமங்களில் செல்வின் பேக்கரும் வி.ஐ. மாத்தனும் ஆராய்ந்த வெப்பமண்டல ஸ்ப்ரூ நோயிலும் குடல் அப்படித்தான் ஆனது. அதற்குக் கோதுமை காரணமில்லை. அன்டிபயோட்டிக்கும் ஃபோலிக் அமிலமும் கேட்கும் நோய் அது. அழுக்கு நீரால் வரும் ஜியார்டியாவும், ஓயாத தொற்றுகளும் குடலைத் தேய்க்கும். இவற்றைப் பிரித்தறிய இரத்தச் சோதனை வேண்டும்.

அந்தச் சோதனைக்கு டி.டி.ஜி. ஐ.ஜி.ஏ. என்று பெயர். கையிலிருந்து எடுக்கும் கொஞ்சம் இரத்தம் போதும். சிலருக்குப் பிறவியிலேயே ஐ.ஜி.ஏ. குறைவாக இருக்கும் என்பதால் அதன் மொத்த அளவையும் சேர்த்துப் பார்ப்பார்கள். டி.டி.ஜி. அளவு உயர்ந்திருந்தால் எண்டோஸ்கோபி வழியாக முன்சிறுகுடலிலிருந்து சிறு துணுக்குகள் எடுத்துப் பார்ப்பார்கள். பிள்ளைகளுக்கு அந்த அளவு இயல்பு வரம்பின் பத்து மடங்குக்கு மேல் உயர்ந்து, இன்னொரு இரத்தச் சோதனையும் உறுதிப்படுத்தினால் துணுக்கு எடுக்காமலே முடிவு செய்யலாம் என்று ஐரோப்பியக் குழந்தை வைத்தியர்களின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டல் சொல்கிறது. எண்டோஸ்கோபிக்காகத் தூர நகருக்கு அலைய வேண்டிய தோட்டப் பிள்ளைக்கு இது பெரிய ஆறுதல்.

சோதனைக்கு முன் ரொட்டியை விட்டுவிடக் கூடாது. இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். குளூட்டனை நிறுத்தினால் பிறபொருளெதிரி இறங்கிவிடும், குடலும் தேறத் தொடங்கும், நோய் இருந்தும் இல்லையென்று அறிக்கை வரும். பிறகு உண்மை தெரிய வேண்டுமானால் மறுபடியும் வாரக்கணக்கில் கோதுமை தின்று நோயை எழுப்ப வேண்டும். யூடியூப்பில் யாரோ சொன்னதைக் கேட்டுப் பிள்ளைக்குப் பாணை நிறுத்தும் தாய்மார் இதை அறிய வேண்டும்.

நோய் உறுதியானால் எவ்வளவு குளூட்டன் தாங்கும்? இத்தாலியரான கார்லோ கட்டாசி முதலியோர் 2007இல் வெளியிட்ட ஆய்வில், நாளுக்கு 50 மில்லிகிராம் வீதம் மூன்று மாதம் உண்டதே குடலைக் கெடுத்தது. நூறு கிராம் கோதுமை மாவில் ஏறக்குறைய எட்டுக் கிராம் குளூட்டன் இருக்கும். அப்படியானால் 50 மில்லிகிராம் என்பது ஒரு கிராம் மாவுக்கும் குறைவு. ரொட்டி சுட்ட கல்லில் ஒட்டியிருப்பது, மா பறந்து படிந்த பலகை, அதே சுளகில் புடைத்த அரிசி மா எல்லாம் கணக்கில் வரும். ஒரே காம்பராவில், ஒரே அடுப்பில் ஆறு பேருக்குச் சமைக்கும் வீட்டில் இது எவ்வளவு கடினம் என்பதை நகரத்து ஆலோசனைப் பிரசுரங்கள் நினைப்பதில்லை. முடிந்தால் தனியாக ஒரு கல்லும் ஒரு சட்டியும் ஒரு சிறு உரலும் வைத்துக்கொள்ளலாம். அதற்கும் வழியில்லையென்றால் அந்தப் பிள்ளைக்கானதை முதலில் சுட்டு, மூடி, உயரத்தில் வைத்துவிட்டு, பிறகு மற்றவர்க்கு மா பிசைய வேண்டும்.

வெளிப்படையாகத் தெரியும் பாண், பனிஸ், பரோட்டா, கொத்து, ரோல்ஸ், பிஸ்கட், ரவை, சேமியா ஆகியவற்றை விடுவது ஒருவகையில் எளிது. ஏமாற்றுவது நாம் அரிசி, உளுந்து என்று நம்பித் தின்பவை. இலங்கைத் தோசையில் உளுந்தோடு கோதுமை மா சேர்ப்பது பல வீட்டு வழக்கம். பிட்டிலும் வெள்ளை இடியப்பத்திலும் அவித்த கோதுமை மா சேர்கிறது. சில கடைகளில் அதுவே முழுவதும். உளுந்து வடை மாவு இறுகவும், அப்பம் மலிவாகவும் அதையே போடுவார்கள். கடைக் குரக்கன் ரொட்டியில் குரக்கன் நிறத்துக்கு மட்டும் இருப்பதும் உண்டு. கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மா கலக்கிறார்கள். சோயா சோஸில் கோதுமை இருக்கிறது. சோயா மீட் பொதியைப் படித்துப் பார்த்தே வாங்க வேண்டும். பிள்ளை தேறட்டும் என்று கரைத்துக் கொடுக்கும் நெஸ்டமோல்ட், மைலோ, ஹோர்லிக்ஸ் எல்லாம் மோல்ட் சேர்ந்தவை. மோல்ட் பார்லியிலிருந்து வருவது. மெலிந்த பிள்ளைக்கு அன்போடு தரும் அந்தக் கோப்பையே அதன் குடலை அறுத்துக்கொண்டிருக்கலாம். நல்ல வேளையாகத் தேயிலையில் குளூட்டன் இல்லை. கிளினிக்கில் தரும் திரிபோஷ சத்துமாவின் முக்கிய மூலப்பொருள்களும் சோளமும் சோயாவுமே.

கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு நற்கருணை அப்பமும் ஒரு கேள்வி. அது கோதுமையில் செய்யப்பட வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம். ஆனால் குளூட்டன் மிகக் குறைந்த அப்பத்தை வத்திக்கான் ஏற்றுக்கொள்கிறது, இரசத்தை மட்டும் பெறவும் இடமுண்டு. பங்குத்தந்தையிடம் தயங்காமல் கேட்கலாம்.

மாற்று என்ன? ‘குளூட்டன் இல்லாதது’ என்று அச்சிட்ட இறக்குமதிப் பொதிகளை மறந்துவிடலாம். நமக்குத் தேவையானது நம்மைச் சுற்றியே இருக்கிறது. சோறு, அரிசி மா ரொட்டி, சுத்தக் குரக்கன் களி, அவித்த மரவள்ளி, வத்தாளைக் கிழங்கு, பலாக்காய், ஈரப்பலாக்காய், கடலை, பயறு. எல்லாவற்றுக்கும் மேலாக நுவரெலியாவின் உருளைக்கிழங்கு. இரவில் அதிகம் வடித்த சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்தால் காலையில் பழைய சோறு. விறகும் வேண்டாம், நேரமும் வேண்டாம். மலைக்குப் போகுமுன் உண்டால் அது தாங்கும். முன்னோர் கொண்டுவந்த சாப்பாட்டை நோக்கி ஒருவரைத் திருப்பி அனுப்புவதுதான் இந்தச் சிகிச்சை என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆனால் செலவைப் பேசாமல் இதைச் சொல்வது நேர்மையாகாது. 2024இல் நாளொன்றுக்கு அடிப்படைச் சம்பளம் 1350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. அதுவும் வேலை கொடுத்த நாளுக்கு மட்டும். குரக்கன் கோதுமை மாவை விட விலை கூடியது. 2022இல் மா விலையும் அரிசி விலையும் சேர்ந்து ஏறியபோது, தோட்டங்களில் ஒரு வேளையைக் குறைத்தே பலர் சமாளித்தார்கள். அப்படிப்பட்ட வீட்டில் ஒரு பிள்ளைக்கு மட்டும் தனி உணவு என்பது தாய் தன் பங்கைக் குறைப்பதில் போய் முடியும். நோய் உறுதியான தோட்டக் குடும்பத்துக்கு அரிசிக்கென்று ஒரு கொடுப்பனவை அரசு தர வேண்டும். இத்தாலியில் சீலியாக் நோயாளருக்கு மாதாந்த உணவுக்கான உதவியை அரசே தருகிறது. அது சலுகையாக அல்ல, மருந்துச் செலவாகவே கருதப்படுகிறது.

பாடசாலையும், தோட்டத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவும் இதில் சேர வேண்டியவை. ஆசிரியைக்கும் ஆயாம்மாவுக்கும் தெரியாமல் வீட்டில் மட்டும் காக்க முடியாது. பிறந்தநாள் கேக்கும், நண்பன் பிய்த்துத் தரும் பனிஸும் அங்கேதான். ஒருவருக்கு நோய் உறுதியானால் பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் எல்லோருக்கும் இரத்தம் பார்க்க வேண்டும். அவர்களில் பத்தில் ஒருவருக்கு இருக்க வாய்ப்பு உண்டு. தாய், தகப்பன், அண்ணன், தங்கை என்று ஒரே லயத்து வரிசையில் வாழும் நம் குடும்பங்களில் அவர்களைத் தேடி அலைய வேண்டியதில்லை. மருத்துவ மாது ஒரு காலையில் எல்லோரையும் பார்த்துவிடலாம்.

2017இல் திறந்த டிக்கோயா கிளங்கன் வைத்தியசாலையும் நுவரெலியா மாவட்ட வைத்தியசாலையும் இருக்கும் மாவட்டத்தில், வேலூரில் செய்ததைப் போன்ற ஓர் அளவீட்டைச் செய்வது எட்டாத காரியம் அல்ல. தோட்டங்களில் இரும்பு மாத்திரைக்கு இரத்தம் ஏறாத பெண்களிலும், வளர்ச்சி நின்ற பிள்ளைகளிலும் தொடங்கி, பிறகு பொதுமக்களில் ஒரு மாதிரியை எடுத்துச் சோதிக்கலாம். எண்ணிக்கை வேலூரைப் போல மிகக் குறைவாக வந்தால், கோதுமை மீது ஐயமில்லாமல் கழிப்பறைக்கும் குடிநீருக்கும் முட்டைக்கும் பணத்தைச் செலவிடலாம். வடக்கைப் போல நூற்றில் ஒன்றை நெருங்கினால், பலவீனமான பிள்ளை, சோம்பேறிப் பெண் என்று இத்தனை காலம் பெயர் வாங்கியவர்களில் ஒரு பகுதியினருக்கு, சாப்பாட்டை மாற்றினால் மட்டுமே தீரும் நோய் இருந்தது தெரியவரும்.